பாதியில் நின்ற பாட்டு

மாலை ஐந்தரை மணி, ஊர்ச் சங்கத்தார் பதினோரு பேர், எதிரே ஆலோசகர் ரகோத்தமன். செல்போன் சிக்னல் எட்டாத அந்த மலையூரில், சங்கக் கட்டடம் வரை ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. வீடுகளுக்கு இணையத்தைப் பிரித்துத் தர எந்த ரூட்டரை வாங்குவது என்பதுதான் பேச்சு. ரகோத்தமன் கொண்டுவந்த பெரிய ரூட்டரை வாங்கினால் கீழத்தெருவுக்குக் கேபிள் இழுக்கப் பணம் மிஞ்சாது.

கீழத்தெரு செங்காயி விலை குறைந்த ஒரு சின்ன ரூட்டரை டிராக்டர் பேட்டரியில் மாட்டி வைத்திருந்தாள்.

“ஏம்மா, இது என்ன டிபன் பாக்ஸா?” என்று சிரித்தார் ரகோத்தமன்.

“அது கெடக்கட்டும் சார். உங்க பெட்டியில வீட்டுக்குப் பேசிக் காட்டுங்க. டீ குடிச்சிட்டு, ஆறு மணிக்கு.”

ஆறு மணிக்குச் செல்போன் திரையில் அவருடைய சின்ன மகள் பாடத் தொடங்கினாள். அந்த ஊரில் தினமும் அந்த நேரத்தில் கரண்ட் போகும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. கரண்டில் மட்டுமே ஓடும் பெரிய ரூட்டர் பாதிப் பாட்டில் அணைந்தது.

செங்காயி கேபிளைச் சின்ன ரூட்டரில் மாற்றிச் செருகி, அதை அவர் பக்கம் நகர்த்தினாள். “இதுல கூப்பிடுங்க சார். பாப்பா காத்துக்கிட்டிருக்கும்.”

அவர் மறுபடி கூப்பிட, மகள் பாட்டைப் பாடி முடித்தாள். ரகோத்தமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதையே வாங்குங்க” என்றார்.

2022 ஜூலை 14 அன்று கீழத்தெருவின் கடைசி வீட்டுக்கு இணைப்பு வந்தது.