எள்ளுக்குக் கீழே

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களுக்கும் ஒரே பேச்சுதான். கண்ணுக்குத் தெரியாத உயிர் என்று ஒன்றும் கிடையாது. தண்ணீரில் வாழும் மிகச் சின்ன உயிர்கூட அரை எள் பருமன் இருக்கும்; குங்குமம் சிந்தியதுபோலச் சிவப்பாகத் தெரியும். அந்தக் குலத்தில் பொடிச்சி என்று ஒருத்தி, தன் பிள்ளைகளோடு ஒரு குளத்தில் இருந்தாள்.

மூன்று வருடம் மழை இல்லை. குளம் சுருங்கிக் குட்டையாகிவிட்டது. மிச்சத் தண்ணீருக்கு அடிதடி வரக்கூடாது என்று எல்லோரும் கூடிப் பேசினார்கள். கரையில் ஆளுக்கொரு குழி வெட்டுவது, அவரவர் உடம்பின் நீளத்துக்குத் தக்கபடி வெட்டுவது, அதில் தண்ணீரைப் பிரித்து விடுவது என்று முடிவாயிற்று. அளக்கும் வேலை கொக்குக்குப் போனது.

கொக்கு எருமையை முழத்தால் அளந்தது. தவளையை விரலால், எறும்பை நெல்லால், நீர்ப்பூச்சியை எள்ளால் அளந்தது. பொடிச்சியின் முறை வந்தபோது எள்ளை அவள் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பிறகு எள்ளை எடுத்துக்கொண்டது.

"அவ்வளவுதான், நகரு."

"என்னண்ணே, என் அளவைச் சொல்லலையே?"

"எள்ளுதான் கடைசி அளவு. அதுக்குக் கீழே ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லாததுக்கு எப்படிம்மா குழி வெட்டுறது?"

"என் பிள்ளைங்க எழுநூறு பேர் இருக்காங்க. வரிசையா நிக்கச் சொல்றேன், சேர்த்து அளங்க."

"ஒண்ணுமில்லாததை எழுநூறு தடவை சேர்த்தாலும் ஒண்ணுமில்லைதான்."

எருமை வயிறு குலுங்கச் சிரித்தது. "தூசிக்கும் வாய் முளைச்சிருச்சு பாரு! ஏன்டி, உனக்கு எவ்வளவு தண்ணி வேணும்? நான் ஒரு தும்மல் போட்டா போதாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். எறும்பும் சிரித்தது. நேற்றுவரை அதுவும் சின்னதுதான்; இன்று அதற்கு ஒரு நெல் கிடைத்துவிட்டதே.

குழிகள் நிறைந்தன. குட்டையில் சேறுதான் மிஞ்சியது. மத்தியானத்துக்குள் அதுவும் வெடித்தது. பொடிச்சி பிள்ளைகளை ஈரம் தேடி வெடிப்பு வெடிப்பாக இழுத்துக்கொண்டு ஓடினாள். பொழுது சாய்வதற்குள் எழுநூறு பேரில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள்.

அவள் அழவில்லை. அழத் தண்ணீர் ஏது? மூவரையும் கூட்டிக்கொண்டு நேராகக் கொக்கிடம் போனாள்.

"அரை எள்ளுக்கு அளவு இல்லைன்னுதானே சொன்னே?"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"அப்போ இதுக்கு?" என்று தன்னை நடுவில் பிடித்து இரண்டாகக் கிழித்தாள்.

இரண்டு பாதியும் உயிரோடு நின்றன. "இதுக்கு?" என்று இரண்டும் கேட்டு, மறுபடி தங்களைக் கிழித்துக்கொண்டன. நான்கு, எட்டு, பதினாறு. பிள்ளைகளும் தாயைப் பார்த்துக் கிழித்துக்கொண்டார்கள். கிழியக் கிழியச் சிவப்பு வெளிறியது. கொக்கு எள்ளைத் தூக்கிக்கொண்டு இங்கும் அங்கும் அலைந்தது. கடைசியில் அதன் முன்னால் யாரும் இல்லை, குரல் மட்டும் இருந்தது.

"எங்களுக்குப் பங்கு இல்லாத தண்ணி இனிமே ஒரு குழியிலும் கிடையாது. எங்களைப் பார்க்கணும்னா எங்க அளவைக் கத்துக்கிட்டு வாங்க. நிமிர்ந்து நின்னு பார்க்க முடியாது."

எருமை தன் குழியைக் கொம்பை நீட்டிக்கொண்டு காவல் காத்தது. யார் வருகிறார்கள் என்று தெரிந்தால்தானே தடுக்க? தண்ணீரைக் குடித்தது. மூன்றாம் நாள் வயிறு கழிந்து, கால் மடங்கி விழுந்தது.

"யாருடா என்னை அடிச்சது?" என்று முனகியது.

கொக்கு சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கே ஒண்ணுமில்லையே" என்றது.

அன்று முதல்தான் அந்தக் குலம் இரண்டிரண்டாகக் கிழிந்தே பெருகுகிறது. தெளிவாகத் தெரியும் சொட்டுத் தண்ணீரிலும் குடியிருக்கிறது. மில்லிமீட்டரை ஆயிரமாக உடைத்து, மைக்ரான் என்று அவர்களுக்காகவே ஓர் அளவை மனிதர்கள் செய்துவிட்டார்கள். ஆனாலும் எவ்வளவு பெரிய படிப்பு படித்தவரானாலும், அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் நுண்ணோக்கியின் முன்னால் கழுத்தை வளைத்துக் குனியத்தான் வேண்டும்.