காரி உறுமினால் கழுத்து போகும்

முன்னொரு காலத்தில், ஏதோ ஒரு நாட்டில், ஒரு காலைச் சபையில், சபையோர் நடுவே இருந்தவர்கள் இவர்கள்: அரசன் கடுங்கோவர்மன், அவன் காலடியில் பட்டு மெத்தைமேல் அவனுடைய கறுப்பு வேட்டைநாய் காரி, அதைப் பழக்கும் வேட்டைத் தலைவன் மல்லையன், உருவிய வாளோடு ஒரு காவலன், அந்த வாளுக்கு எதிரே, மஞ்சள் தலைப்பாகையோடு விகடன் நக்கன். அந்தச் சபையில் மஞ்சள் கட்டும் உரிமை விகடனுக்கு மட்டும்தான்.

நடந்தது இதுதான். ஒருநாள் அரசன் வேட்டையை நினைத்துச் செருப்பில் கால் நுழைத்தான். அவன் வாய் திறக்கும் முன்பே காரி வாசலில் போய் நின்றது. "என் மனம் இதற்குத் தெரிகிறதே!" என்று அரசன் பூரித்துப்போனான்.

"ஆம் பிரபு. தங்கள் மனதில் மறைந்திருக்கும் சந்தேகமும் தெரியும். காரி உறுமினால் அவன் துரோகி" என்றான் மல்லையன்.

அதையே அரசன் ஆணையாக்கினான்: எஜமான் மனதை நாய் பிழையின்றிக் காட்டும், அது யாரைப் பார்த்து உறுமுகிறதோ அவன் துரோகி; முதலாமவனுக்கு நாடு கடத்தல், அடுத்தவனுக்குக் கழுத்து போகும். அந்த நாட்டில் சபையில் விழுந்த ஆணையை அரசனே நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. சொன்னபடி நடத்தியே ஆக வேண்டும். முதலில் சிவப்புத் துண்டு கட்டிய சமையற்காரனைப் பார்த்துக் காரி உறுமியது; அவன் நாடு கடத்தப்பட்டான். நாய்க்கு வரும் கறியில் பாதி மல்லையன் வீட்டுக்குப் போகிறது என்று சொன்னவன் அவன். அதையே சபையில் சொல்லிச் சிரித்தவன் நக்கன். இன்று காலை காரி அவனைப் பார்த்து உறுமியது.

"நக்கா, கடைசியாக ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றான் அரசன்.

"ஒரே கேள்வி, பிரபு. இந்த நொடி என்னைப் பற்றித் தங்கள் மனதில் என்ன இருக்கிறது?"

அரசன் கழுத்து முத்துமாலையை விரலால் உருட்டினான்.

"தயங்காமல் சொல்லுங்கள். நான் இனி யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்?"

"நீ சாகக்கூடாது. அவ்வளவுதான்."

நக்கன் நாயின் பக்கம் ஓரடி வைத்தான். காரி பல்லைக் காட்டி உறுமியது.

"சபையோர் கேட்டீர்களா? எஜமான் மனதை நாய் பிழையின்றிக் காட்டும் என்பது ஆணை. அரசர் மனம் நான் பிழைக்க வேண்டும் என்கிறது. காரியோ நான் சாக வேண்டும் என்கிறது. ஆக, அரசர் இதற்கு எஜமான் இல்லை. நான் சாக வேண்டும் என்று எவர் நினைக்கிறாரோ அவர்தான் எஜமான். அரண்மனை நாயை அபகரித்த அந்தப் பெரிய மனிதரைத் தேடுங்கள்!"

எல்லாத் தலையும் மல்லையன் பக்கம் திரும்பியது.

"மல்லையா, காரிக்கு எஜமான் நானா, நீயா?" என்றான் அரசன்.

"தாங்கள்தான், பிரபு!"

"பிறகு ஏன் என் மனதுக்கு மாறாக உறுமியது?"

மல்லையன் இரண்டடி பின்வாங்கினான். "அது... நாய்தானே பிரபு. வாயில்லாத ஜீவன். யார் மனதில் என்ன இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?"

"அப்படியானால் இந்த உறுமல் எஜமான் மனம் இல்லை. ஆணையில் வராது, தண்டனையும் இல்லை" என்றான் அரசன். முதலில் காவலன்தான் வாளைத் தாழ்த்தினான். அவனுக்குக் கை வலித்துக்கொண்டிருந்தது. சபை முழுவதும் மூச்சு விட்டது.

நக்கன் தலைப்பாகையைக் கழற்றி நீட்டினான். "வேட்டைத் தலைவரே, இதைக் கட்டிக்கொண்டு காரி பக்கத்தில் சற்று உட்காருங்களேன்."

"ஐயோ, வேண்டாம்! மஞ்சளைக் கண்டாலே அது..." என்று மல்லையன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

முன்பு சிவப்புத் துண்டையும் பிறகு மஞ்சள் துணியையும் கட்டிக்கொண்டு அந்த நாயை அவன் எத்தனை அடி அடித்திருப்பான் என்று யாரும் கேட்கவில்லை. வெறுந்தலையோடு நின்ற நக்கனின் கையைக் காரி மோந்து பார்த்தது. பிறகு வாலை ஆட்டியது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தன்னை அடித்தவனின் நிறம்தான்.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி நக்கனுக்குப் போட்டான். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"சமையற்காரனைத் திரும்ப வரவழையுங்கள், பிரபு. அவன் போனதிலிருந்து பயத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை."

பிறகு எல்லோரும் நாய்க்கொட்டடிக்குப் போனார்கள். மல்லையனை உள்ளே தள்ளினார்கள்.

"வெளியே வர வேண்டும் என்று மனதில் நினைத்துக்கொண்டே இரு. காரிக்குத் தெரிந்தால் வந்து திறந்துவிடும்" என்றான் அரசன்.

காரி நக்கன் காலடியில் படுத்துக் கொட்டாவி விட்டது. காவலன் கதவைச் சாத்திப் பூட்டினான்.