காற்றாடிக்குக் காவலிருந்த கொடி

ஒரு காட்டில் மரத்தைவிட மணல்தான் அதிகம். மேடு மேடாகக் குவிந்து கிடக்கும் செக்கச்செவேலென்ற தேரி மணல். ஆடி பிறந்துவிட்டால் போதும், மேற்கிலிருந்து காற்று ஆளையே தூக்கிவிடும் வேகத்தில் அடிக்கும்.

அங்கே வாழ்ந்த முயல்களில் குறுங்காதி என்றொருத்தி இருந்தாள். அவளுக்கு நான்கு குட்டிகள். எதையும் சுற்றி வளைக்காமல் நேராகச் சொல்லிவிடுவது அவள் குணம். அவள் பக்கத்துப் புதரில் இருந்த உடும்புக்கோ மூக்குக்கு மேலே கோபம் வரும். மணல் மேட்டுக்குக் கீழே ஒரு பள்ளம்; அங்கே ஒரு சாண் தோண்டினால் ஊற்று சுரக்கும். எல்லோரும் அதைக் குடித்துக் குறையில்லாமல் வாழ்ந்து வந்தார்கள்.

ஒருநாள் தேரிக்கு அப்பால் வாழைத்தோப்பு வைத்திருந்த நெடுவால் என்ற குரங்கு வந்தது. கெட்டிக்காரக் குரங்கு, ஆனால் கையை விட்டு ஒன்றும் போகாது. பள்ளத்தில் ஒரு காற்றாடி வைக்கப்போவதாகவும், யாரும் மறுக்கக்கூடாது என்றும் கேட்டுக்கொண்டது. காற்று யார் வீட்டுச் சொத்து? முயல்கள் புதரைக் காலி செய்து இடம் கொடுத்தன.

பனையோலையில் எட்டு இறக்கை. இறக்கை சுழன்றால் கயிற்றில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைகள் ஆழத்திலிருந்து தண்ணீரை அள்ளி வரும். அந்தத் தண்ணீர் குடைந்த பனந்தடி வழியாக நேரே வாழைத்தோப்புக்குப் போகும். முதல்நாள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தது குரங்கு. எல்லோரும் கைதட்டிவிட்டுப் போனார்கள். அத்தோடு சரி.

பத்து நாளில் ஊற்று வற்றியது. ஒரு சாண் தோண்டிய இடத்தில் நாலு முழம் தோண்டினாலும் ஈரம் இல்லை. தலைக்கு மேலே பனந்தடியில் சலசலவென்று தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைக்குட்டி எழுந்து நிற்கவே தடுமாறியது.

ஒரே அடியில் காற்றாடியைச் சாய்த்துவிடலாம் என்று உடும்பு வாலைச் சுழற்றியது. குறுங்காதி தடுத்தாள். முதலில் கேட்போம், அப்புறம் பார்ப்போம் என்று தோப்புக்கு நடந்தாள்.

“அண்ணாச்சி, உங்க காற்றாடி வந்தபிறகு எங்க ஊத்து வத்திப்போச்சு. பிள்ளைங்களுக்கு நாக்கு வறளுது. ஓடுற தண்ணியில எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க” என்றாள்.

தன் கையால் கட்டிய காற்றாடி, தான் சிந்திய வேர்வை, அதனால் தண்ணீரும் தன்னுடையது என்றது குரங்கு. முதல்நாள் கொடுத்த வாழைப்பழத்தையும் ஞாபகப்படுத்தியது.

“அப்படின்னா ஒண்ணு சொல்லிடுறேன். பள்ளத்துக்கு மேற்குச் சரிவுல படர்ந்திருக்குற கொடிய ஆடி முடியுற வரைக்கும் நாங்க யாரும் கடிக்கமாட்டோம். எங்க பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம். தண்ணி இல்லன்னா அந்தக் கொடியத் தின்னுதான் நாக்க நனைக்கணும்.”

ஏன் கடிப்பதில்லை என்று குரங்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கொடியால் தனக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்? இனாமாகக் கொடுத்துப் பேர் வாங்க இப்படி ஒரு வாய்ப்பு எப்போது கிடைக்கும்?

“அட, இதுக்கெல்லாமா கேப்பாங்க? தாராளமாத் தின்னுங்க தங்கச்சி. நான் இல்லன்னு சொல்ற ஆளா?” என்றது.

குறுங்காதி திரும்பி வந்து மற்ற முயல்களிடம் நடந்ததைச் சொன்னாள். யாருக்கும் மனசில்லை. ஆனால் தாகம் யாரை விட்டது? கடைக்குட்டிக்குத் தானே முதல் தண்டைக் கடித்து ஊட்டினாள். மூன்று நாளில் சரிவு மொட்டையானது.

நான்காம் நாள் ஆடிக் காற்று முழு வேகத்தில் அடித்தது. பிடித்து வைக்கக் கொடியில்லாத மணல் மேட்டோடு நகர்ந்து பள்ளத்தில் இறங்கியது. சிரட்டைகள் தண்ணீருக்குப் பதில் மணலை அள்ளி வந்தன. பனந்தடி அடைத்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் மணல் இடுப்பளவு ஏறி, கீழ் இறக்கைகள் அதில் சிக்கி நின்றுவிட்டன. அவ்வளவு காற்றடித்தும் காற்றாடி அசையவில்லை.

தோப்பில் வாழைகள் தலை தொங்கின. குரங்கு அடித்துப் பிடித்து ஓடி வந்தது. மணலை அள்ள அள்ள மறுபடி சரிந்தது. கடைசியில் முயல்கள் இருந்த இடத்துக்கு வந்து, எல்லோரும் சேர்ந்து மணலை அள்ளினால் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் தருவதாகச் சொன்னது.

“பழம் வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் குறுங்காதி. “காற்றாடி உங்களோடதுதான், நாங்க இல்லங்கல. ஆனா அது நிக்கிற மண்ணப் பிடிச்சு வச்சிருந்தது நாங்க தொடாம விட்ட கொடி. தண்ணியும் எங்க காலடியிலதான் ஊறுது. அதனால காற்றாடி சுத்துற நாளெல்லாம் எங்களுக்குப் பங்கு வேணும்.”

குரங்கு தலையைச் சொறிந்தது. மொட்டைச் சரிவைப் பார்த்தது. நின்ற காற்றாடியைப் பார்த்தது. தான் இனாமாகக் கொடுத்தது எதை என்று அப்போதுதான் அதற்கு உறைத்தது. வெட்கத்தில் முகம் இன்னும் சிவந்தது.

சரி என்றது.

எல்லோரும் சேர்ந்து மணலை அள்ளினார்கள். கோபத்தையெல்லாம் வாலில் ஏற்றி உடும்பு தள்ளிய மணல்தான் அதிகம். பனந்தடியில் முயல்களின் பக்கமாக ஒரு துளை போட்டு, கீழே ஒரு தொட்டி வைத்தார்கள். முதலில் தொட்டி நிறையும், பிறகுதான் தண்ணீர் தோப்புக்குப் போகும். மிச்சமிருந்த கொடித் துண்டுகளை முயல்கள் சரிவில் நட்டு, தொட்டித் தண்ணீர் தெளித்தன. குட்டிகள் நான்கும் வயிறு முட்டக் குடித்தன. வாழையும் நன்றாகவே குலை தள்ளியது, ஒரு சீப்பும் குறையவில்லை.

அடுத்த வருஷம் இரண்டாவது காற்றாடி வைக்க வேண்டுமென்று குரங்குக்கு ஆசை வந்தது. இம்முறை ஓலையும் கயிறும் கொண்டு வரவில்லை. வெறும் கையோடு வந்து, தொட்டியை எங்கே வைப்பது, காற்றாடியை எங்கே வைப்பது என்று கேட்டது.

“மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி” என்றாள் குறுங்காதி. “வெயில்ல நடந்து வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க.”

நீதி: ஓர் இடத்தின் வளத்தால் வாழ்பவன், அந்த இடத்தைக் காப்பவர்களுக்கும் அதில் பங்கு கொடுக்க வேண்டும்.