மாட்டைத் தேட எந்த நாய்?

கூறுகெட்டான்குளத்தில் வெயிலுகந்தான், ஒச்சப்பன், தவசி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கலந்து பேசாமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார்கள். எல்லாச் சிக்கலும் அந்தப் பேச்சில்தான் ஆரம்பிக்கும்.

ஒருநாள் மேயப்போன அவர்களுடைய சினைப்பசு திரும்பி வரவில்லை. மூத்தவன் வெயிலுகந்தானின் மனைவி சீனியம்மா அழுது தீர்த்துவிட்டு, "ஒரு மோப்ப நாயாவது வாங்கிட்டு வந்து தேடுங்க" என்றாள்.

டவுனில் நாய் விற்கும் ராசாமணி அண்ணாச்சி இரண்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். "இது பீகிள். துறுதுறுன்னு ஓடும். அது பாசெட். குட்டைக் கால், தரையைக் கூட்டுற காது, நிதானமாத்தான் போகும். ரெண்டுக்குமே வாசனை நல்லாப் பிடிக்கும்."

மூவரும் தனியாகப் போய்க் கூடிப் பேசினார்கள்.

"ஓடுற நாய் வேண்டாம். நம்ம மாடு மெதுவா நடக்கும். நாய் அதைத் தாண்டிப் போயிருச்சுன்னா?" என்றான் வெயிலுகந்தான்.

"மெதுவாப் போற நாய் போய்ச் சேர்றதுக்குள்ள மாடு கிழடாயிரும்ணே" என்றான் தவசி.

"அப்ப ஓடுற நாயை வாங்கி, மெதுவாப் போகச் சொல்லுவோம்" என்றான் வெயிலுகந்தான்.

"வெள்ளைக்கார நாய்க்குத் தமிழ் புரியுமா?" என்றான் ஒச்சப்பன். பேச்சு முடிகிற வழியாக இல்லை.

அண்ணாச்சிக்குப் பசி வந்துவிட்டது. "ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்கு ஒத்துவர்றதை வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுங்க. மாட்டுக் கயித்தை மோந்து பாக்கக் குடுத்துட்டு, நாய் என்ன செய்யுதோ அது பின்னாலயே நீங்களும் போங்க. நாய்க் கயித்தை மட்டும் கையில இருந்து விட்டுறாதீங்க."

வாசனை பிடிக்கும் என்றாரே! தவசி வழியில் மல்லிகைப்பூ வாங்கி இரண்டின் கழுத்திலும் சுற்றினான். பீகிள் தும்மியது. பாசெட் மாப்பிள்ளை மாதிரி தலைகுனிந்து நடந்தது.

வீட்டில் சீனியம்மா இரண்டுக்கும் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சோறு வைத்தாள். விருந்தாளிக்கு அழுக்குக் கயிற்றையா நீட்டுவது என்று மாட்டுக் கயிற்றைச் சோப்புப் போட்டு அலசி, மோந்து பார்க்கக் கொடுத்தார்கள். பிறகு கிளம்பினார்கள்.

பீகிள் ஒச்சப்பன் பொறுப்பு. கயிறு கை நழுவிவிடுமோ என்று அவனுக்கு ஒரே பயம். நாய் கழுத்தில் இருந்த முனையை அவிழ்த்து, அதையும் தன் கையிலேயே கட்டிக்கொண்டான். நாய் காட்டுக்குள் பாய்ந்தது. "போனாப் போகட்டும். கயித்தை விட்டேனா பாருங்க!" என்றான்.

பாசெட் நாலு எட்டு வைத்தது, தார் ரோட்டுக்கு வந்தது, நடு ரோட்டில் படுத்தது. மூவரும் அதன் பின்னால் வரிசையாகப் படுத்தார்கள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி, "யோவ், என்னய்யா பண்றீங்க?" என்று கத்தினார்.

"மாடு தேடுறோம். சத்தம் போடாதீங்க" என்றான் வெயிலுகந்தான்.

பயணிகள் சேர்ந்து நாயைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். மற்ற மூவரையும் தூக்கி அதன் பின்னாலேயே போட்டார்கள். நாய் கண் விழித்து வீட்டைப் பார்த்து நடக்க, இவர்களும் நடந்தார்கள்.

வீட்டில் பசு நின்றது! பக்கத்தில் பீகிள் சோற்றுச் சட்டியை நக்கிக்கொண்டிருந்தது. மூவரும் பசுவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

"நாய் குழம்பு ருசியில ஓடியாந்துச்சு. அது கழுத்துப் பூவை மோந்துக்கிட்டே பின்னால மாடும் வந்துருச்சு" என்றாள் சீனியம்மா.

வெயிலுகந்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிகளைத் தனியே அழைத்துப் போனான். நெடுநேரம் பேசினார்கள்.

மறுநாள் இரண்டு நாய்களையும் அண்ணாச்சியிடம் ஒப்படைத்தார்கள்.

"ஏன், ரெண்டுல ஒண்ணுகூடவா பிடிக்கலை?"

"ஒரு நாய் தூங்கிருச்சு. இன்னொண்ணு காணாமப் போயிருச்சு. அதை மோந்து மோந்தே வீடு கொண்டுவந்து சேர்த்தது எங்க மாடுதான்" என்றான் வெயிலுகந்தான்.

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒச்சப்பன் மனமிரங்கி அவர் தோளைத் தட்டினான்.

"வருத்தப்படாதீங்க அண்ணாச்சி. இனி உங்க நாய் எதுவும் தொலைஞ்சா சொல்லிவிடுங்க. மாட்டை அனுப்பி வைக்கிறோம்."