தண்ணீர் வரும் பக்கம்

“சைட்டச் சோதிக்கிற மெஷின் நூத்துக்கு நூறு குடுத்திருக்கு, மேடம். நீங்க மட்டும் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கீங்க?”

குற்றாலிங்கம் இதைக் கேட்டபோது குரலில் பணிவு இருந்தது. பணிவுக்கு அடியில் கோபமும் இருந்தது.

அரசாங்கத்தின் கணினிப் பிரிவிலேயே தலை நரைத்தவர் அவர். ஓய்வுபெற அதிக காலம் பாக்கி இல்லை. மாவட்டத்தின் வெள்ள எச்சரிக்கை இணையதளம் அவர் கட்டியது. அணை திறந்தால் ஆற்றங்கரைக்காரர்களின் கைபேசிக்குச் சேதி அனுப்பும் தளம். அதை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று தணிக்கை செய்யக் கற்றுக்கொண்டு, செய்து காட்டி, சான்று வாங்கி வரும்படி மேலிடம் அவரைத் தணிக்கையாளர் ஜெனோவாவிடம் அனுப்பியிருந்தது.

ஜெனோவாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. குற்றாலிங்கத்தின் மூத்த மகளைவிட வயதில் சிறியவர். முதல் நாளே “சார்” என்று கூப்பிட்டுப் பார்த்தார். வாயில் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு “அண்ணாச்சி”தான்.

“மெஷின் என்ன பாத்துச்சு, அண்ணாச்சி?”

“எல்லாப் படத்துக்கும் எழுத்துல விளக்கம் இருக்கான்னு பாத்துச்சு. இருக்கு.”

“சரி. அணையத் திறந்தாச்சுன்னு வச்சிக்கிடுவோம். என் வீடு படித்துறைத் தெருவுல. ஆத்துக்கும் எனக்கும் நடுவுல ஒரு புளியமரம்தான்.”

ஜெனோவா தன் கைபேசியை மேஜைமேல் வைத்தார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து விரலால் தட்டினார்.

“படம்,” என்றது கைபேசி.

மறுபடி தட்டினார்.

“படம்.”

இன்னொரு தட்டு.

“படம்.”

ஜெனோவா முகத்தை அவர் பக்கம் திருப்பினார்.

“நான் எந்தப் பக்கம் ஓட, அண்ணாச்சி?”

குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்றது. எச்சரிக்கை முழுவதையும் வண்ண வரைபடங்களாகப் போட்டிருந்தார்கள். விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் ‘படம்’ என்று ஒரே வார்த்தையை எழுதி வைத்திருந்தார்கள். விளக்கம் இருக்கிறதா என்றுதான் மெஷின் பார்த்தது. அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

ஆனாலும் அவர் விடுவதாக இல்லை.

“இருக்கட்டும் மேடம். கண்ணு தெரியாதவங்க எத்தன பேரு இந்தப் பக்கத்தப் பாக்கப் போறாங்க?”

“ஒருத்தரும் பாக்க மாட்டோம்,” என்றார் ஜெனோவா. “கேப்போம்.”

குற்றாலிங்கம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

*

எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை குற்றாலிங்கம். வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு புள்ளி விடாமல் எழுதினார்.

மேற்கே மலைத்தொடர், பழுப்பு நிறம். அதன் அடிவாரத்தில் அணை. அணையின் கொள்ளளவு. அங்கிருந்து புறப்படும் ஆறு, நீல நிறம். ஆறு வளைகிற இடம், வளைந்து திரும்புகிற இடம், அதில் வந்து சேரும் ஓடைகள். ஓரத்தில் துறையின் இலச்சினை. இலச்சினைக்குள் இருக்கும் தாமரை.

மறுவாரம் அதைத் தூக்கிக்கொண்டு ஜெனோவாவிடம் வந்தார். பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கி எழுதிய மாணவனின் முகம்.

“இப்பக் கேளுங்க, மேடம்.”

கைபேசி படிக்க ஆரம்பித்தது. ஜெனோவா கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். மலை போனது. அணை போனது. ஆறு வளைந்தது, திரும்பியது. ஓடைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

இலச்சினை வந்தபோது ஜெனோவா எழுந்தார். மடக்குக் கோலை விரித்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தார்.

“எங்க போறீங்க? முக்கியமான இடம் இனிமேத்தான் வருது!”

“தண்ணி வந்துட்டு, அண்ணாச்சி.”

கதவு சாத்திக்கொண்டது.

அறைக்குள் கைபேசி தாமரையின் இதழ்களை வர்ணித்துக்கொண்டிருந்தது.

*

நடைக்கூடத்தில் அவரைப் பிடித்துவிட்டார் குற்றாலிங்கம்.

“கொறச்சு எழுதுனா குத்தம். கூட எழுதுனாலும் குத்தம். பேரு வைக்கும்போதே எங்கப்பா குத்தத்தச் சேத்து வச்சிட்டாரு, நான் என்ன செய்ய?”

ஜெனோவா வாய்விட்டுச் சிரித்தார்.

“வாங்க, டீ குடிப்போம்.”

“எப்படித்தான் எழுதணும்னு ஒரு வார்த்த சொல்லிருங்களேன்.”

“டீ குடிப்போம், அண்ணாச்சி.”

டீக்கடை எதிர்ச்சாரியில் இருந்தது. பக்கத்து மனையில் கல் அறுக்கும் மெஷின் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஜெனோவா கோலால் தரையைத் தட்டியபடி முன்னால் நடந்தார். குற்றாலிங்கம் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

ஓரமாக நின்றிருந்த தண்ணீர் லாரி திடீரென்று பின்பக்கமாக நகர்ந்தது. அந்த இரைச்சலில் அது கிளம்பிய சத்தம் ஜெனோவாவின் காதில் விழவில்லை. அவர் ரோட்டில் கால் வைத்தார்.

“மேடம், நில்லுங்க! பின்னால வாங்க, பின்னால!”

ஜெனோவா சட்டென்று பின்வாங்கினார். லாரியின் பின்பக்கம் அவர் கோலை உரசிக்கொண்டு போனது.

குற்றாலிங்கம் ஓடிவந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. “நல்லவேள மேடம்… நல்லவேள…”

ஜெனோவா கோலை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

“லாரி என்ன கலரு, அண்ணாச்சி?”

“கலரா? அத எவன் பாத்தான்?”

“பின்னால ஏதாச்சும் படம் வரைஞ்சிருந்துதா?”

“என்ன மேடம் கேக்கீங்க? உசுரு போற நேரத்துல போயி…”

குற்றாலிங்கம் பாதியில் நிறுத்தினார்.

டீ வந்தது. அவர் முன்னால் ஆடை கட்டி ஆறிப்போகிறவரை அது அப்படியே இருந்தது.

*

இந்த முறை அவர் உட்கார்ந்து எழுதவில்லை. அலுவலக அறையில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். யாரோ ஒருத்தர் ரோட்டில் கால் வைக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். அப்புறம்தான் எழுதினார்.

‘படித்துறைத் தெரு, ஓடக்கரைத் தெரு: அணை திறந்துவிட்டது. உடனே வெளியேறுங்கள். மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். பாலத்தின் வழியாகப் போகாதீர்கள்.’

வரைபடம் அதற்குக் கீழே போனது.

மேலதிகாரிக்கு முகம் சுருங்கியது. “மேப் எவ்வளவு அழகா இருந்துச்சு! இது என்னய்யா, தந்தி அடிச்ச மாதிரி?”

“தந்திதான், சார்,” என்றார் குற்றாலிங்கம்.

ஜெனோவா அதை ஒருமுறை கேட்டார். மறுபடி ஓடவிடவில்லை.

“கையெழுத்து, மேடம்?”

“பக்கத்த ஏத்திருங்க, அண்ணாச்சி. கையெழுத்த மழை போடட்டும்.”

*

கார்த்திகையில் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. ஒரு நாள் காலையில் அணை திறந்தார்கள்.

எச்சரிக்கை போனது. குற்றாலிங்கத்தை மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். வகுப்பறைகளைத் திறந்து வைத்துவிட்டு அவர் வராந்தாவில் நின்று சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரெங்கும் மின்சாரம் இல்லை. ஒலிபெருக்கி வைத்த ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டது என்று தகவல் வந்தது. சரிவில் ஆள் நடமாட்டமே இல்லை. எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தபடி அவர் வாசல்படிவரை போய் எட்டிப் பார்த்தார்.

அப்போது மழைக்குள் ஏதோ அசைந்தது.

குடைகள். சாக்கைத் தலையில் போட்டவர்கள். இடுப்பில் பிள்ளைகள், கையில் ஆடுகள். ஒரு தெருவே நடந்து வந்தது. அதற்கு முன்னால், தரையைத் தட்டிக்கொண்டு ஒரு கோல் வந்தது.

குற்றாலிங்கம் குடையை மறந்துவிட்டு இறங்கி ஓடினார்.

“கரண்ட் இல்ல, டிவி இல்ல, போன்லயும் சார்ஜ் இல்ல, எங்களுக்கு என்ன தெரியும்?” என்றாள் மண்ணெண்ணெய் அடுப்பைச் சுமந்து வந்த ஒருத்தி. “இந்தக்காதான் வீடு வீடாக் கதவத் தட்டுனாவ. வாங்க, வாங்கன்னு கையப் பிடிச்சு இழுக்காவ.”

அவர்கள் ஈரத்தைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே சேதி வந்துவிட்டது. படித்துறைத் தெருவில் கழுத்தளவு தண்ணீர். தெருவில் ஒருவரும் இல்லை.

குற்றாலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“எங்க இருந்து கேட்டீங்க, மேடம்?”

“அடுப்படியில. அரிசி களைஞ்சிட்டிருந்தேன். போன் ஒரு தடவதான் சொல்லுச்சு. அரிசிய அப்படியே வச்சிட்டுக் கிளம்பிட்டேன்.”

“அப்ப பாஸுதான?”

ஜெனோவா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

“சார்! மேல யாராச்சும் இருக்கீங்களா?”

*

பள்ளிக்கூட வாசலில் நாலைந்து படிகள். அதன் அடியில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தார். தலைக்குமேல் உரச்சாக்கு. சக்கரத்தைத் தள்ளி மேடேறி வந்ததில் இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன. ஓடக்கரைத் தெருவில் செல்போன் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் சுயம்பு அவர்.

“போன்ல வந்த சேதிய எழுதுனது உங்க ஆபீஸ்தானா சார்? படிச்ச உடனே கிளம்பிட்டேன். ரொம்பத் தெளிவா இருந்துச்சு.”

சொல்லிவிட்டுப் படியைப் பார்த்தார்.

“நாலு பேரா சேந்து தூக்கிருதோம்,” என்றார் குற்றாலிங்கம்.

“தூக்கலாம், சார். தண்ணி வடிய நாளாகும். ஒண்ணுக்கு இருக்கணும்னாலும் கீழதான் வரணும். ஒவ்வொரு தடவையும் நாலு பேரக் கூப்பிடணும்லா?”

மழை உரச்சாக்கில் தடதடத்தது.

பள்ளிக்கூடம் குற்றாலிங்கம் கட்டியதல்ல. படியும் அவர் போட்டதல்ல. அவருடைய பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் இந்த மனிதரைத் தவறாமல் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. இந்தப் படிவரைக்கும்.

“இந்தா வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

வராந்தாவின் கோடியில், பள்ளி ஆண்டுவிழா மேடைக்கான பலகைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன்மேல்தான் ஜெனோவா உட்கார்ந்திருந்தார். கீழே பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்.

“மேடம்,” என்றார் குற்றாலிங்கம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. “பக்கத்துல எல்லாம் சரியா இருக்கு. ஆனா அங்க படி இருக்கு. இது நம்ம தணிக்கையில எங்க வரும்?”

ஜெனோவா எழுந்தார். கோலை மடக்கி இடுப்பில் செருகினார். அடுக்கைத் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே நீளமான பலகையின் ஒரு முனையைத் தூக்கினார்.

“அந்த முனையப் பிடிங்க, அண்ணாச்சி.”