கருவண்டு ஒப்புக்கொண்ட படம்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால், எந்தக் காலத்தில் என்று உடனே ஒருவர் கேட்பார். யார் கண்டது? சாமிகள் எல்லாம் மத்தியான வேளையில் கோபுர நிழலில் கொஞ்சம் கண்ணயர்ந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் காலத்தில் செண்பகமாறன் என்று ஓர் அரசர் இருந்தார். மற்ற அரசர்களுக்கு யானைப் பித்து, குதிரைப் பித்து. இவருக்கு நாய்ப் பித்து. நிஜ நாய் மட்டுமா? வெண்கல நாய், தந்தத்தில் செய்த நாய், நாய்த் தலை வைத்த கைத்தடி, சீனத்துக் கப்பலில் வந்த பீங்கான் நாய், ஏதோ ஒரு பழைய தேரிலிருந்து கழன்று விழுந்த பைரவர் வாகனம். எந்த ஊரில் பழைய நாய் உருவம் இருக்கிறதென்று காதில் விழுந்தாலும் உடனே வண்டி கிளம்பும். எல்லாம் அரண்மனைச் சித்திரசாலையில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அரசர் உயிராக வளர்த்த பஞ்சு என்ற வெள்ளை நாய்க்கு மட்டும் ஒரு படம் கிடையாது. "பக்கத்திலேயே இருக்கிறான், படம் எதற்கு?" என்று பதினோரு வருஷம் இருந்துவிட்டார். ஒரு நாள் விடிகாலையில் பஞ்சு ஊஞ்சலுக்கு அடியில் படுத்தபடியே போய்விட்டது. அன்றிலிருந்து அரசருக்குச் சோறு இறங்கவில்லை. பஞ்சுவோடு கூடவே வளர்ந்த கருவண்டு என்ற குட்டைக் கறுப்பு நாயும் பால்சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு அப்பால் போயிற்று.

சித்திரசாலைக்கு அதிகாரி மழவராயர். இதுதான் சமயம் என்று வடதேசத்து ஓவியர் ஒருவரை வரவழைத்து, அரண்மனையாரிடம் அடையாளம் கேட்டுக் கேட்டு ஒரு மாதத்தில் பஞ்சுவின் படத்தை எழுதி முடிக்கவைத்து, சபைக்குத் தூக்கிவந்துவிட்டார். பட்டுத் திரையை விலக்கினால், அடேயப்பா! மயிருக்கு மயிர் அப்படியே இருந்தது. சபை முழுக்கக் கை தட்டியது. அரசரின் முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

அரசவை விகடன் அம்பலக்கூத்தனும் அங்கேதான் நின்றிருந்தான். கை தட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? வாய் சும்மா இருந்தால்தானே!

"பேஷான படம், மன்னர் பெருமானே. ஆனால் நம் எல்லோரையும்விடப் பஞ்சுவை அறிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே" என்றான்.

கருவண்டைக் கூட்டிவந்தார்கள். அது படத்தை ஒரு தரம் முகர்ந்தது, வர்ணத்தின் நெடி ஏறி இரண்டு தும்மல் தும்மியது, திரும்பி வாசலைப் பார்த்துப் போய்விட்டது. யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். அரசரின் முகம் பழையபடி இருண்டுவிட்டது. மழவராயர் சபை நடுவில் மூக்குடைபட்டு நின்றார்.

நின்றவர் சும்மா நிற்கவில்லை. "பெருமானே, குறை சொல்வது எளிது. கருவண்டு ஒப்புக்கொள்ளும் படம் ஒன்றை அம்பலக்கூத்தனே கொண்டுவரட்டும். முடியாவிட்டால், ஆறிக்கொண்டிருந்த புண்ணைக் கீறியதற்காக நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

அரசருக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. "ஏழு நாள் அவகாசம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் அம்பலக்கூத்தனின் மனைவி பூங்காவனம் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். "ஏன்யா, உனக்குக் கோலப்பொடியில நாலு புள்ளி நேரா வைக்கத் தெரியுமா? படம் எழுதப் போறியாக்கும், படம்! இந்த வயசுல என்னை எந்த ஊர் சத்திரத்துல கொண்டுபோய் உக்கார வைக்கப் போற?"

"ஏழு நாள் இருக்கு, பூங்காவனம்."

"ஏழு நாள்ல கழுதைக்குக்கூட ஆனா ஆவன்னா வராது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். அவள் திட்டியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, அழுதுவிட்டாளே.

ஐந்து நாள் அவன் சித்திரசாலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தான். ஆறாம் நாள் மத்தியானம், சாளரத்து வழியாக வெயில் பொன்னிறத் தூசியாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு புறா விட்டுவிட்டுக் குமுறியது. பைரவர் வாகனத்தின் காலடியில் சாய்ந்து உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான்.

தூக்கத்தில் பார்த்தால், பீடங்களிலிருந்து நாய்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வெண்கல நாய் உடம்பை முறுக்கிச் சோம்பல் முறித்தது. பீங்கான் நாய் நொறுங்கிவிடாமல் மெள்ள மெள்ள அடியெடுத்து வைத்தது. தந்த நாயும் மர நாயும் ஒன்றையொன்று முகர்ந்து குசலம் விசாரித்தன. வெயில் தண்ணீரைப் போல அவற்றின் கால்களுக்கு இடையே அலைந்தது. எல்லாமாகச் சேர்ந்து ஊர்வலமாக நடந்தன, சுவரில் மாட்டியிருந்த பஞ்சுவின் படத்தை மட்டும் ஒன்றுகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"இது பஞ்சுதானே? தெரியலையா உங்களுக்கு?" என்று அம்பலக்கூத்தன் கேட்டான்.

காது உடைந்த மண் நாய் ஒன்று நின்று திரும்பியது. "யாரு கண்டா? அதுக்கு வாசனையே இல்லையே!"

"என்னைத் தெரியுதா?"

மண் நாய் அவன் உள்ளங்கையை முகர்ந்தது. மூக்கு ஈரமாக, சில்லென்று இருந்தது. "காலையில பழைய சோறு, மோர்மிளகாய். அழுத பொம்பளை ஒருத்தி கையைப் பிடிச்சிருக்கா. பயம் நிறைய இருக்கு" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் நடந்து மறைந்தது.

திடுக்கிட்டு விழித்தான். நாய்கள் எல்லாம் பீடங்களில் சமர்த்தாக இருந்தன. ஆனால் ஓரிடத்திலிருந்து மட்டும் முகரும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், சித்திரசாலைக்குப் பின்னால், உடைந்த பொருள்களைப் போட்டு வைக்கும் அறையின் கதவிடுக்கில் மூக்கை வைத்துக் கருவண்டு படுத்திருந்தது.

"என்னம்மா இங்கே?" என்று கதவைத் தள்ளினான். கை ஒடிந்த சிலைகளுக்கும் கண்ணாடி போன விளக்குகளுக்கும் மேலே, சுருட்டி எறியப்பட்டுக் கிடந்தது பஞ்சு படுத்திருந்த சிவப்புக் கம்பளி. பஞ்சு போன அன்றே, அழுக்கு என்று மழவராயர் அதை இங்கே தூக்கிப் போடச் சொல்லியிருந்தார். அம்பலக்கூத்தன் அதை விரித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஏழாம் நாள் சபை கூடியது. பொன்முலாம் பூசிய சட்டம் ஒன்றைத் தரையோடு தரையாகச் சாய்த்து வைத்து, பட்டுத் திரை போட்டிருந்தான். திரையை விலக்கியதும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சட்டத்துக்குள் ஒரு பழைய கம்பளி இறுக்கிக் கட்டியிருந்தது.

முதலில் மழவராயர்தான் சிரித்தார். "பெருமானே, இது கந்தல்! படம் எங்கே? எழுதியவர் எங்கே?"

"எழுதியவர் காலமாகிவிட்டார், ஐயா" என்றான் அம்பலக்கூத்தன். "இந்த ஒரே படத்தைப் பதினோரு வருஷம் எழுதினார். ராத்திரிதோறும் கொஞ்சம், மத்தியானத்தில் கொஞ்சம். தூரிகையைக் கையால் தொட்டதில்லை. உடம்பாலேயே எழுதினார்."

அதற்குள் கருவண்டு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டது. கம்பளியில் மூக்கை வைத்த மாத்திரத்தில் அதன் உடம்பெல்லாம் நடுங்கியது. வாலை ஆட்டியது, முனகியது, குழந்தையைப் போல ஒரு குரல் கொடுத்தது. பிறகு கம்பளியை நக்கத் தொடங்கியது.

அரசர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்தார். கிட்ட வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. சிவப்புக் கம்பளியின் நடுவில் வெள்ளை மயிர் படிந்து படிந்து, சுருண்டு படுத்த ஒரு நாயின் உருவம் முழுசாக விழுந்திருந்தது. இங்கே முதுகு. இங்கே மடக்கிய பின்கால். மோவாயை வைத்த இடத்தில் கம்பளி குழிந்து தேய்ந்திருந்தது. எப்போதும் இடது பக்கமாகவே படுக்கும் பஞ்சு.

அரசர் மண்டியிட்டு, குழிந்த இடத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவர் நினைக்கவே இல்லை. "பஞ்சு! டேய், பஞ்சு!" என்றார். அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"ஆயிரம் நாய்களைச் சேர்த்தேன். இதைப் போல ஒன்று என்னிடம் இல்லை, அம்பலக்கூத்தா. என்ன வேண்டும், கேள்."

"ஊரை விட்டுப் போகாமல் இருந்தால் போதும், பெருமானே. அதோடு, இந்தக் கம்பளியைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கருவண்டுக்குக் கொடுத்துவிட வேண்டும்."

அரசர் திகைத்தார். "அவள் படுத்துப் புரண்டால் படம் அழிந்துவிடுமே!"

"அழிந்தால் என்ன, பெருமானே? படம் பார்க்கிறவர்களுக்குத்தான். இது அவளுக்கு வீடு."

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். கட்டுகளைத் தம் கையாலேயே அவிழ்த்துக் கம்பளியைத் தரையில் விரித்தார். வெறும் பொற்சட்டத்தை என்ன செய்வதென்று மழவராயர் கேட்க, "சித்திரசாலையில் மாட்டுங்கள். வருகிறவர்களுக்கு உள்ளே என்ன இருந்ததென்று நீங்களே விளக்கிச் சொல்லுங்கள்" என்றார்.

கருவண்டு கம்பளியை மூன்று சுற்றுச் சுற்றியது. நடுவில் எவ்வளவோ இடம் இருந்தும், ஓரமாக, பாதி உடம்பு தரையில் கிடக்கும்படி சுருண்டு படுத்தது.

"பாருங்களய்யா!" என்று அரசர் சபையைப் பார்த்துச் சொன்னார். "இன்னமும் அவனுக்கு இடம் விட்டுத்தான் படுக்கிறாள்!" சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவரால் நெடுநேரம் நிறுத்தவே முடியவில்லை.