நான்காவது விண்ணப்பம்

"இன்னும் எவ்வளவு சோகமா எழுதணும், சார்?" என்று கேட்டாள் ஆக்னஸ்.

பேராசிரியர் திருமேனி அவளுடைய ஆய்வு வழிகாட்டி. டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

நீலகிரிக் குறும்பர்களின் சுவரோவியத்தை ஆய்வு செய்ய உதவித்தொகை கேட்டு அவள் மூன்று முறை விண்ணப்பித்திருந்தாள்.

முதல் முறை, 'தேவை நிறுவப்படவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை அதை நலிந்துவரும் கலையாக்கினாள். போதவில்லை. மூன்றாம் முறை அழிவின் விளிம்புக்கே தள்ளினாள். அதுவும் திரும்பி வந்தது.

இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால், படிப்பை விட்டுவிட்டு அண்ணனின் ஜவுளிக்கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

அதனால் நான்காவதில் அந்த மக்களைக் கிட்டத்தட்ட முடித்தேவிட்டிருந்தாள்.

பன்னிரண்டு பக்கம்; குறும்பர் என்ற பெயர் வந்த இடமெல்லாம் 'இத்தொல்குடி' ஆகியிருந்தது. கையெழுத்துக்காக நீட்டினாள்.

"இதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினியா?"

"எதுக்கு சார்? அவங்க கமிட்டியில இல்லையே."

திருமேனி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"படிச்சுக் காட்டிட்டு வா."

மறுநாள் மலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினாள்.

மாதி என்கிற ஓவியக்காரியை அவளுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை போட்டோ எடுக்கப் போனபோது பழக்கம். இவள் போய்ச் சேர்ந்தபோது மாதி மகளிர் குழுக் கட்டடத்தின் சுவரில் தேனெடுக்கும் ஆட்களை வரைந்துகொண்டிருந்தாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன். தை மாதம் வரை கையில் வேலை இருக்கிறது, அதற்குப் பிறகென்றால் பார்க்கலாம் என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

தான் எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லி சார் அனுப்பினார் என்றாள் ஆக்னஸ். வரைந்துகொண்டே கேட்கிறேன், படி என்றாள் மாதி.

இரண்டாம் பக்கத்தில் மாதியின் கை நின்றது.

ஐந்தாம் பக்கத்தில் தூரிகையைக் கீழே வைத்தாள்.

'இறுதி மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும் இத்தொல்குடியின் நடுங்கும் விரல்கள்' என்ற இடம் வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். உள்ளேயிருந்து நாத்தனாரையும் பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள்.

ஆக்னஸுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இந்தத் தடவை நிச்சயம் கிடைத்துவிடும் என்று தோன்றியது. 'நடுங்கும் விரல்கள்' வந்தபோது குரலைக்கூடக் கொஞ்சம் தழுதழுக்க விட்டாள்.

படித்து முடித்தாள். மூன்று பெண்களும் தங்களுக்குள் ஏதோ கலந்துகொண்டார்கள். நாத்தனார் எழுந்து போய் அரை மூட்டை ராகியும் இரண்டு பாட்டில் தேனும் கொண்டுவந்து ஆக்னஸின் முன்னால் வைத்தாள்.

"எங்களால இப்ப முடிஞ்சது இவ்வளவுதான், கண்ணு. நீ போறப்ப குடுத்துடு," என்றாள் மாதி. "பாவம், எந்த ஊரு அவங்க?"

ஆக்னஸ் ராகி மூட்டையைப் பார்த்தாள். பன்னிரண்டு பக்கங்களையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அப்படி யாரும் இல்லக்கா."